ரைலி எதிர்பார்த்த கண்ணீர்

ஹெலிகாப்டர் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. கீழே ஒரு பெண் தலைதெறிக்க ஓடி வந்து நிற்கிறாள். மேலே பார்த்து அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். இறக்கைகளின் இரைச்சலில் அவள் குரல் அவள் காதுக்கே எட்டியிருக்குமா என்பது சந்தேகம். உள்ளே இருப்பவனுக்கு எதுவும் கேட்கவில்லை. ஹெலிகாப்டர் தலைக்கு மேலே கடந்து போய்விடுகிறது.

‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’ தொடரின் ஐந்தாவது சீசனில், பத்தாவது எபிசோடில் வரும் காட்சி இது. அமெரிக்காவில் 2000 டிசம்பரில் ஒளிபரப்பானது. ரைலி ஃபின் என்ற பாத்திரம் அதோடு தொடரைவிட்டுப் போனது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒருவழியாகப் போனான், இனி கதை சூடு பிடிக்கும் என்று நினைத்தேன். அந்தத் தொடரை விரும்பியவர்களில் பெரும்பாலானோர் ரைலியை விரும்பியதில்லை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

பல வருடங்கள் கழித்து இரண்டாவது தடவை பார்த்தேன். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்த நாட்கள். இரவில் இரண்டு மணிக்கு ஒரு மாத்திரை கொடுக்க வேண்டும். அதுவரை தூங்காமல் இருப்பதற்காக, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, பழகிய ஒன்றைப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். அப்படித்தான் ரைலி திரும்ப வந்தான். இந்தத் தடவை அவனை அவ்வளவு சுலபமாக அனுப்ப முடியவில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் சன்னிடேல் என்றொரு கற்பனை ஊர். அதன் அடியில் நரகத்தின் வாய் இருக்கிறது. ரத்தக்காட்டேரிகளும் பூதங்களும் அங்கே வந்து குவிகின்றன. அவற்றைக் கொல்வதற்கென்று ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்படுகிறாள். அவள்தான் ஸ்லேயர். பஃபி சம்மர்ஸ் அப்படிப்பட்டவள். அந்த வேடத்தில் நடித்தவர் சாரா மிஷெல் கெல்லர், உருவாக்கியவர் ஜாஸ் வீடன். 1997 மார்ச் முதல் 2003 மே வரை ஏழு சீசன்கள், 144 எபிசோடுகள்.

பஃபியின் முதல் காதலன் ஏஞ்சல். இருநூறு வயது தாண்டிய ரத்தக்காட்டேரி. சாபத்தால் ஆன்மா திரும்பக் கிடைத்தவன், ஒரு கணம் முழுமையான ஆனந்தத்தை உணர்ந்தால் அந்த ஆன்மாவை மறுபடி இழந்துவிடுவான். பஃபியோடு சேர்ந்த இரவில் அதுதான் நடக்கிறது. காதலே சாபத்தை எழுப்பிவிடுகிறது என்றால் அதற்கு மேல் ஒரு காதல் கதைக்கு என்ன வேண்டும்? இரண்டாவது சீசன் முடிவில் உலகத்தைக் காப்பாற்ற, ஆன்மா திரும்பி வந்து நிற்கும் அதே ஏஞ்சலின் உடலில் வாளைப் பாய்ச்ச வேண்டிய நிலை அவளுக்கு. அவனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறாள். முத்தமிடுகிறாள். பிறகு குத்துகிறாள். இதைப் பார்த்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் அடுத்த காதலனை எடைபோடப் போகிறார்கள்.

ரைலி முதலில் வருவது 1999 அக்டோபர் 5 அன்று. பல்கலைக்கழகப் புத்தகக் கடையில் பஃபி உயரத்திலிருந்த புத்தகங்களை எடுக்கப் போய், அவை அவன் தலைமேல் விழுகின்றன. அதே இரவு, அடுத்த ஒரு மணி நேரத்தில், அதே அலைவரிசையில் ஏஞ்சலுக்கென்று தனித் தொடர் ஆரம்பமானது. முந்தைய காதலனுக்குச் சொந்தமாக ஒரு தொடரே இருக்கிறது, புதியவனுக்குத் தலையில் சில புத்தகங்கள். இது கதைக்கு வெளியே நடந்த விஷயம்தான். ஆனாலும் ரைலியை நினைத்தால் எனக்கு அது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

அவன் அயோவாக்காரன். உளவியல் பேராசிரியருக்கு உதவி ஆசிரியர். உயரமானவன், நல்ல தோள், நேரான பேச்சு. அந்த வேடத்தில் நடித்த மார்க் ப்ளூகாஸ் பல்கலைக்கழக நாட்களில் கூடைப்பந்து ஆடியவர். நிற்கும் விதத்திலேயே ஒரு விளையாட்டு வீரனின் அடக்கம் தெரியும். பஃபிக்கு என்ன பிடிக்கும் என்று அவளுடைய தோழி வில்லோவிடம் போய்க் கேட்கிறான். வில்லோ யோசித்துச் சொல்லும் பதில்களில் ஒன்று, அவளுக்குப் பாலாடைக்கட்டி பிடிக்கும் என்பது. அவன் அதையும் கவனமாகக் கேட்டுக்கொள்கிறான். ஏஞ்சல் இருட்டிலிருந்து தோன்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மறைந்து போகிறவன். ரைலி கேட்டுத் தெரிந்துகொள்கிறவன். இருபது வயதில் எனக்கு முதல் வகைதான் காதல் என்று தோன்றியது. இப்போது அந்தப் பாலாடைக்கட்டிக் காட்சியில் ரைலியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கும் ஒரு ரகசியம் இருக்கிறது. மாணவர் விடுதிக்கு அடியில் ராணுவம் ஒரு ஆய்வுக்கூடம் நடத்துகிறது, இனிஷியேட்டிவ் என்று பெயர். பூதங்களைப் பிடித்து வந்து சோதிக்கும் இடம். ரைலி அங்கே கமாண்டோ. பகலில் ஒருவரையொருவர் தயங்கித் தயங்கிப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேரும் இரவில் ஒரே வேட்டையில்தான் இருக்கிறார்கள், ஒருவருக்கு மற்றவர் விஷயம் தெரியாது.

அது வெளிப்படும் எபிசோடின் பெயர் ‘ஹஷ்’. 1999 டிசம்பரில் வந்தது. தொடரின் ஆகச் சிறந்த எபிசோடு எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைச் சொல்வேன். அந்த எழுத்துக்கு எம்மி விருதுப் பரிந்துரையும் கிடைத்தது. ஊர் முழுவதும் ஒரே இரவில் குரல் இழந்துவிடுகிறது. காலையில் எழுந்தால் யாராலும் பேச முடியவில்லை. கோட்டு சூட்டு போட்டு, பல் தெரியச் சிரித்தபடி, தரையில் கால் படாமல் மிதந்து வரும் சிலர் எல்லோருடைய குரலையும் ஒரு பெட்டியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் இதயத்தை அறுத்து எடுக்கும்போது யாராலும் கத்த முடியக் கூடாது என்பதற்காக.

அந்த மௌனத்தில்தான் பஃபியும் ரைலியும் முதல் முத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள். இருட்டு வீதியில், ஊரே பயந்து போயிருக்கும் நேரத்தில், எதிரெதிரே சந்திக்கிறார்கள். நன்றாக இருக்கிறாயா என்று கையாலும் கண்ணாலும் கேட்டுக்கொள்கிறார்கள். அதுவரை இரண்டு பேரும் பேசிப் பேசியே அந்த முத்தத்தைத் தள்ளிப்போட்டவர்கள். பேச்சு பறிபோன பிறகுதான் அது நடக்கிறது. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போய், ஒரே கோபுரத்தில் சண்டைக்கு வந்து, திரும்பிப் பார்த்தால் அவள் கையிலிருக்கும் குறுக்கு வில் அவனை நோக்கியும் அவன் துப்பாக்கி அவளை நோக்கியும் இருக்கின்றன. இரண்டு பேர் முகத்திலும் ஒரே கேள்வி.

சண்டை நடுவில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. முதல் தடவை அது என் கண்ணில் படவேயில்லை. எதிரிகள் பிடித்துவைத்திருக்க, பஃபி அந்தப் பெட்டியை உடைக்கும்படி ரைலிக்குச் சைகை காட்டுகிறாள். அவன் பக்கத்திலிருந்த வேறு எதையோ உடைத்துவிட்டு, முடித்துவிட்டேன் என்பது போல அவளைப் பார்க்கிறான். அவள் இல்லை இல்லை என்று தவிக்கிறாள். அப்புறம்தான் பெட்டியை உடைக்கிறான். குரல் திரும்புகிறது, அவள் அலறுகிறாள், அந்த அலறலில் எதிரிகளின் தலைகள் வெடிக்கின்றன. அந்த ஒரு நொடிப் பார்வை, சரியாகச் செய்தேனா, உனக்கு உதவினேனா என்ற பார்வை, ரைலியின் கதை முழுவதிலும் தொடர்ந்து வருகிறது. நாலாவது சீசனில் அது பார்க்க நன்றாக இருக்கிறது. ஐந்தாவதில் அதுவே அவனைத் தின்கிறது.

எபிசோடின் கடைசியில் அவன் அவள் அறைக்கு வருகிறான். எதிரெதிரே உட்காருகிறார்கள். பேச வேண்டும் என்கிறான். ஆமாம் என்கிறாள். குரல் வந்துவிட்டது, பேச எவ்வளவோ இருக்கிறது, இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கேயே முடிகிறது.

நாலாவது சீசனின் மீதி நாட்களில் ரைலியிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறிபோகிறது. தெய்வமாக நினைத்த பேராசிரியர் பஃபியைக் கொல்ல முயல்கிறார். சாப்பாட்டில் மருந்து கலந்து தன்னைப் பலசாலியாக்கியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஓஸ் என்ற ஓநாய் மனிதனைத் தப்புவிப்பதற்காக ராணுவத்தையே விட்டு வெளியே வருகிறான். இதையெல்லாம் தொடர் கொஞ்சம் அவசரமாகத்தான் சொல்கிறது, அந்தச் சீசனின் வில்லனும் சுமார்தான். நெஞ்சுக்குள் வைத்த சிப்பைக் கண்ணாடித் துண்டால் தானே தோண்டி எடுக்கும் காட்சி ஒன்று போதும், அவன் எப்படிப்பட்டவன் என்று காட்ட. வேலை, படை, குரு, உடம்பில் ஏறியிருந்த பலம் என்று எல்லாவற்றையும் உதறிய பிறகு அவன் கையில் மிஞ்சியது பஃபி மட்டும். ஒரு மனிதனுக்கு அது ஆபத்தான நிலை என்பதை எழுதியவர்கள் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

ஐந்தாவது சீசனில், மருந்தின் விளைவாக ரைலியின் இதயம் தாறுமாறாக அடிக்கிறது. சிகிச்சை செய்துகொள்ளாவிட்டால் உயிர் போகும். அவன் ஓடி ஒளிகிறான். சிகிச்சை செய்தால் சாதாரண மனிதனாகிவிடுவான், சாதாரண மனிதனை அவள் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் பயம். உன்னிடம் சக்தி இருந்தது என்பதற்காகவா உன்னோடு இருந்தேன் என்று அவள் கோபப்படுகிறாள். அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு அது உள்ளே போகவில்லை. அதற்கு முந்தைய எபிசோடில்தான் நண்பன் சாண்டரிடம் சொல்லியிருந்தான், நான் அவளை நேசிக்கிறேன், அவள் என்னை நேசிக்கவில்லை என்று. கோபமோ அழுகையோ இல்லாமல், நாளைக்கு மழை வரும் என்பது போல.

அப்புறம் பஃபியின் அம்மா ஜாய்ஸுக்கு மூளையில் கட்டி இருப்பது தெரியவருகிறது.

இந்த இடத்தில்தான் நான் அந்த இரவுகளில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பஃபி ஓடிக்கொண்டே இருக்கிறாள். மருத்துவர் சொல்வதைக் கேட்கிறாள். தங்கை டானைச் சமாளிக்கிறாள். மந்திரத்தால் குணமாக்க வழி உண்டா என்று விசாரிக்கிறாள், இல்லை என்று தெரிந்ததும் அடுத்த வேலைக்குப் போகிறாள். அழ நேரமில்லை. ரைலி பக்கத்தில் நிற்கிறான். என்ன வேண்டும் என்று கேட்கிறான். தங்கையைப் பார்த்துக்கொள் என்கிறாள், அவன் டானைக் கூட்டிக்கொண்டு போகிறான். டான் சின்னப் பெண், நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்கிறாள்: ஏஞ்சலோடு இருந்தபோது அக்கா எப்போதும் அழுதுகொண்டே இருப்பாள், உன் விஷயத்தில் அப்படியெல்லாம் கலங்குவதில்லை என்று. அது ஒரு பாராட்டு. உன்னோடு அக்கா நிம்மதியாக இருக்கிறாள் என்பதுதான் அதன் பொருள். ரைலியின் முகம் அப்படியே நின்றுபோகிறது. எனக்காக அவள் அழுவதில்லை என்று மட்டும்தான் அவன் காதில் விழுகிறது.

என் கணவர் அந்த வாரம் என்னிடம் கேட்டிருந்தார், “ஏன் என்கிட்ட அழவே மாட்டேங்கிற?” என்று. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் மருந்துப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் பேசலாம் என்றேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. அழ ஆரம்பித்தால் இரண்டு மணி மாத்திரையை யார் கொடுப்பது? நான் அழாமல் இருக்க முடிந்ததே அவர் பக்கத்தில் இருந்ததால்தான். இதை அவரிடம் அன்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. சொல்லத் தோன்றாமல் போவது எப்படி என்பதை பஃபியின் முகத்தில் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. அவளுக்குக் காதல் குறைவு என்று நினைத்தவர்கள் அந்த மருத்துவமனைக் காட்சிகளை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அவள் யாருக்கு வேலை சொல்கிறாள் என்று கவனிக்க வேண்டும். தங்கையை யாரிடம் ஒப்படைக்கிறாள் என்று பார்க்க வேண்டும். அவள் நம்பிக்கை அங்கேதான் இருக்கிறது.

ரைலிக்கு அது தெரியவில்லை. அவன் ஒரு ரத்தக்காட்டேரிப் பெண்ணைத் தன்னைக் கடிக்க விடுகிறான். கடித்து முடித்ததும் அவள் நெஞ்சில் கட்டையைப் பாய்ச்சிப் பொடியாக்கிவிடுகிறான். பிறகு அது பழக்கமாகிறது. காசு கொடுத்துக் கடி வாங்கும் இருட்டு வீடொன்றுக்குப் போக ஆரம்பிக்கிறான். அறுவை சிகிச்சை முடிந்து அம்மா நலமாகிவிட்ட இரவில், பஃபி நிம்மதியாகத் தூங்கும்போது, படுக்கையிலிருந்து எழுந்து அங்கே போகிறான். ஸ்பைக் என்ற இன்னொரு ரத்தக்காட்டேரி அவளை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டுகிறான். ஸ்பைக்குக்கு அவள்மேல் கண், அது தனிக் கதை.

மறுநாள் வாக்குவாதத்தில் ரைலி சொல்லும் காரணம் இதுதான்: அந்தப் பெண்களுக்கு அவன் தேவைப்பட்டான். அவர்கள் பசியில் அவன் மட்டுமே இருந்தான், பஃபியிடம் அது இல்லை. அவள் நொறுங்கிப்போய்ச் சொல்கிறாள், என்னிடம் இருப்பதையெல்லாம் உனக்குக் கொடுத்தேன் என்று. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ரைலி அங்கே கெட்டவனாகிவிடவில்லை என்பதுதான் அந்தக் காட்சியின் பலம். ஆனால் அவன் தவறு பலவீனத்தில் இல்லை, பலவீனத்தை யார்தான் மன்னிக்க மாட்டார்கள். காதலைத் தேவையால் அளந்தான், அதுதான் தவறு. அவள் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளக் கூடியவள். ஊரையும் சேர்த்துத் தாங்குகிறவள். அப்படிப்பட்டவள் ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள் என்றால் வேறு எதற்காக? விருப்பம் ஒன்றைத் தவிர வேறு காரணமே இல்லை. பசியால் வந்தவர்கள் பசி தீர்ந்ததும் போய்விடுவார்கள். அவனைப் பசியில்லாமல் தேர்ந்தெடுத்தவள் அவள் ஒருத்திதான்.

அவன் கெடு வைக்கிறான். ராணுவம் திரும்பக் கூப்பிடுகிறது, இன்றிரவு ஹெலிகாப்டர் கிளம்புகிறது, இருக்கச் சொல்ல ஒரு காரணம் கொடு, இல்லாவிட்டால் போகிறேன் என்கிறான். அப்புறம் சாண்டர் வந்து பஃபியிடம் பேசுகிறான். வாழ்நாளில் ஒரு தடவை கிடைக்கக் கூடியவனைப் பழைய காதலை மறக்க வைத்துக்கொண்டவன் போல நடத்திவிட்டாய், நேசிக்க முடியுமானால் ஓடு என்கிறான். அந்தப் பேச்சு பிரபலமானது. அழகாகவும் எழுதப்பட்டிருக்கிறது. மார்ட்டி நாக்ஸன் எழுதி இயக்கிய எபிசோடு அது. ஆனால் எனக்கு அந்தப் பேச்சோடு இன்றுவரை சண்டை இருக்கிறது. அம்மாவின் தலையைத் திறந்து மூடிய வாரத்தில், காதலன் வேறிடத்தில் கழுத்தைக் கொடுத்துவிட்டு வந்து கெடு வைத்த இரவில், குற்றம் அவள் தலையில் ஏறுகிறது. அவள் ஓடுகிறாள். அவன் போய்விடுகிறான். ஓடியது அவள்தான் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆறாவது சீசனில், 2002 பிப்ரவரியில், ரைலி ஒரு எபிசோடுக்குத் திரும்பி வருகிறான். இப்போது மனைவியோடு. இதற்குள் பஃபியின் அம்மா இறந்துவிட்டார். பஃபியே ஒரு தடவை இறந்து மீண்டிருக்கிறாள். துரித உணவுக் கடையில் சீருடையோடு நிற்கிறாள். ஸ்பைக்கோடு யாருக்கும் சொல்ல முடியாத ஒரு உறவில் இருக்கிறாள். அந்த எபிசோடில் எனக்குக் குறை உண்டு, மனைவியை ஒரு அப்பழுக்கு இல்லாமல் படைத்துவிட்டார்கள். நம்ப முடியவில்லை. ஆனால் கடைசியில் ரைலி பேசுவது பிடிக்கும். ஸ்பைக்கோடு அவளைப் பார்த்த பிறகும், அவளுடைய கெட்ட நேரத்தை முழுக்கப் பார்த்த பிறகும், இதெல்லாம் உன்னைத் தொடாது, நான் முதலில் நேசித்தவள் நீ, நான் பார்த்ததிலேயே வலிமையானவளும் நீதான் என்கிறான். முன்பு அந்த வலிமைதான் அவனைச் சுட்டது. இப்போது அதைச் சொல்லும்போது குரலில் காயமில்லை.

ரைலி தொடரில் கடைசியாகத் தலைகாட்டுவது அதில்தான் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் ஏழாவது சீசனில் இன்னொன்று இருப்பதைக் கவனித்தேன். ஸ்பைக்கின் தலைக்குள் ராணுவம் வைத்த சிப் ஒன்று உண்டு, மனிதர்களைத் தாக்கினால் வலியால் துடிக்க வைப்பது. அது பழுதாகி அவனைக் கொல்லப் பார்க்கிறது. பஃபி பழைய தொடர்புகளைத் தேடி ரைலிக்குத் தகவல் அனுப்புகிறாள். கைவிடப்பட்ட அந்த இனிஷியேட்டிவ் சுரங்கத்துக்கு ராணுவத்தினர் வந்துசேர்கிறார்கள். ரைலி வரவில்லை. சிப்பைச் சரிசெய்யலாம், அல்லது எடுத்துவிடலாம். ரைலிக்கு ஸ்பைக்கை எப்போதும் பிடிக்காது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கதை முடிந்திருக்கும்.

ஃபின் சொல்லியனுப்பியதை ஒரு வீரர் பஃபியிடம் சொல்கிறார். முடிவு உங்களுடையது.

அவள் பதில் சொல்வதற்கு முன் காட்சி முடிந்துவிடுகிறது. அவள் என்ன செய்தாள் என்பது அடுத்த எபிசோடில்தான் தெரியும். அப்போது மணி இரண்டாகிவிட்டிருந்தது. எழுந்து தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனேன். கணவர் முன்பே எழுந்து அங்கே உட்கார்ந்திருந்தார். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு அம்மாவைத் தாங்கித் தூக்கினேன்.